பழைய கார் ஆன்டெனா: பேசும் முன் சோதியுங்கள்

பழைய சாமான் கடையில் ஹாம் வானொலிக்கான கார் ஆன்டெனா மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் சோதிக்காமல் செட்டில் மாட்டிப் பேசத் தொடங்காதீர்கள். கோளாறான ஆன்டெனா, செட்டின் பவர் டிரான்சிஸ்டரையே எரித்துவிடக்கூடும்.

முதலில் கேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது அதுதான். கனெக்டர் அருகே கொஞ்சம் தோலை உரித்ததும் செம்புப் பின்னல் கறுத்துத் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. யோசிக்காமல் புதுக் கேபிள் போடுங்கள்.

மல்டிமீட்டரில் பெரும்பாலான ஆன்டெனா மாடல்களுக்குக் கனெக்டரின் நடுப்பின்னிலிருந்து கம்பி நுனிவரை தொடர்பு காட்ட வேண்டும். நடுப்பின்னுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே ஷார்ட் காட்டினால் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். சில ஆன்டெனாக்களில் அடிப்பகுதிச் சுருளின் ஒரு முனையை எர்த்தோடு இணைத்தே செய்திருப்பார்கள். மீட்டருக்கு அது ஷார்ட்; ரேடியோ அலைக்கு அல்ல. நல்ல பொருள்கள் பல இந்த அவசரத்தில்தான் குப்பைக்குப் போகின்றன.

அடுத்து, ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். (நிலை அலை விகிதம்) மீட்டர். மேசைமேல் வைத்து அளந்தால் கணக்கு தப்பும். கார் கூரையின் நடுவில் பொருத்தி, குறைந்த பவரில் அளந்து பாருங்கள். 1.5க்குள் இருந்தால் நிம்மதி. 3ஐத் தாண்டினால் ஒலிபரப்பவே கூடாது. அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட அளவு ஏறினால் கம்பி நீளம் அதிகம் என்று பொருள். மில்லிமீட்டர் கணக்கில் நறுக்குங்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைக் கம்பி சுமார் 50 செ.மீ.

ஒலிபரப்பிச் சோதிக்க ஹாம் உரிமம் கட்டாயம். இல்லாதவர்கள் உரிமம் உள்ள நண்பரை அழைத்துக்கொள்ளுங்கள்.