இரு பணியிடங்களுக்கு நடுவே ஓர் இல்லம்

குடும்பத்தில் ஒருவர் மட்டுமே ஊதியம் ஈட்டிய காலத்தில், வீடு தேடுவோர் ஒரே ஒரு பயணத்தைக் கணக்கிட்டால் போதுமாக இருந்தது. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் இல்லங்களில் நிலைமை வேறு. இருவரின் பணியிடங்களும் நகரின் எதிரெதிர் எல்லைகளில் அமையும்போது, வீட்டின் இருப்பிடமே குடும்பத்தின் அன்றாட அமைதியை நிர்ணயிக்கும் காரணியாகிவிடுகிறது.

தேசியத் தலைநகர் வட்டாரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தில்லிக்குத் தென்மேற்கே ஹரியானா மாநிலத்தின் குருகிராம். கிழக்கே, யமுனைக்கு அப்பால், உத்தரப் பிரதேசத்தின் நோய்டா. இரண்டும் பெரும் வேலைவாய்ப்பு மையங்கள். ஒருவர் குருகிராமிலும் மற்றவர் நோய்டாவிலும் பணிபுரியும் குடும்பம் எங்கே குடியேறுவது? போய்வரும் வசதி மட்டுமன்றி, தனக்கென ஒரு தன்மையும் அந்தரங்கமும் உள்ள வீட்டையும் அக்குடும்பம் நாடுமானால், அது கிடைக்கக்கூடியதா?

தூரத்தின் கணக்கு

நகர நிலப் பயன்பாடு குறித்து வில்லியம் அலோன்சோ 1964-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படையானது. நகரின் மையத்திலிருந்து விலக விலக நிலத்தின் விலை குறையும். பயணச் செலவு கூடும். இவ்விரண்டையும் சீர்தூக்கியே குடும்பம் தன் இருப்பிடத்தைத் தெரிவு செய்கிறது என்பது அதன் சாரம். வேலைகள் யாவும் ஒரே மையத்தில் குவிந்துள்ளன என்ற அனுமானத்தின் மீது அக்கோட்பாடு நிற்கிறது. மையம் இரண்டாகும்போது கணக்கு மாறுகிறது.

இரு பணியிடங்களுக்கும் இடையே 30 கிலோமீட்டர் தொலைவு எனக் கொள்வோம். அவற்றை இணைக்கும் நேர்கோட்டில் வீடு எங்கே அமைந்தாலும், இருவரின் ஒருவழிப் பயணத் தூரங்களின் கூட்டுத்தொகை 30 கிலோமீட்டரே. நட்டநடுவில் குடியிருந்தால் 15-ம் 15-ம். ஒரு முனைக்கு அருகில் இருந்தால் 5-ம் 25-ம். ஆகவே, நடுப்புள்ளியைத் தேடுவதால் மொத்தத் தூரம் குறைவதில்லை. சுமை சமமாகப் பங்கிடப்படுகிறது, அவ்வளவே.

கோட்டைவிட்டு விலகினால் என்ன நேரும்? நடுப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் 8 கிலோமீட்டர் தள்ளி வீடு அமைந்தால், ஒவ்வொரு பணியிடத்திற்கும் உள்ள தூரம் 17 கிலோமீட்டர், கூட்டுத்தொகை 34. எட்டுக் கிலோமீட்டர் விலகியும் கூடுவது நான்கே கிலோமீட்டர். வீடு தேடுவோர் கருதுவதைவிடத் தெரிவுக்குரிய பரப்பு மிக விரிந்தது என்பதே இக்கணக்கு தரும் பாடம். அப்பரப்பிற்குள் வீட்டின் தன்மைக்கும் அந்தரங்கத்திற்கும் முன்னிடம் கொடுக்க முடியும்.

தடமும் நேரமும்

ஆயினும் மக்கள் நேர்கோட்டில் பயணம் செய்வதில்லை. சாலையும் இருப்புப்பாதையும் செல்லும் வழியே செல்கின்றனர். தில்லி மெட்ரோ ரயில் 2002 டிசம்பரில் தொடங்கியது. நீலத் தடம் 2009 நவம்பரில் நோய்டாவையும், மஞ்சள் தடம் 2010 ஜூனில் குருகிராமையும் எட்டின. அப்போது ஓர் ஊரிலிருந்து மற்றதற்கு மெட்ரோவில் செல்வோர், நகரின் மையமான ராஜீவ் சௌக் வரை சென்று தடம் மாற வேண்டியிருந்தது. 2017 டிசம்பரில் நோய்டாவின் தாவரவியல் பூங்கா நிலையத்திலிருந்து கால்காஜி மந்திர் வரை திறக்கப்பட்ட மெஜந்தா தடம், 2018 மே மாதத்தில் ஹௌஸ் காஸ் வழியாக ஜனக்புரி மேற்கு வரை நீட்டிக்கப்பட்டது. மஞ்சள் தடமும் மெஜந்தா தடமும் ஹௌஸ் காஸில் சந்திப்பதால், தென் தில்லி இரு பயணங்களுக்கும் இயல்பான நடுவிடமாயிற்று.

இதன் விளைவு இருவகையானது. ஹௌஸ் காஸ் சந்திப்பை ஒட்டிக் குடியிருப்போர் இருவருமே தடம் மாறாமல் செல்லலாம். ஆனால் அப்பகுதியில் வாடகை மிகுதி. மஞ்சள் தடத்திலுள்ள மாளவியா நகரிலோ மெஜந்தா தடத்திலுள்ள சிராக் தில்லியிலோ குடியிருந்தால், இருவரில் ஒருவர் ஒருமுறை தடம் மாற நேரும். வீட்டிலிருந்து நிலையத்திற்கும், நிலையத்திலிருந்து அலுவலகத்திற்கும் செல்லும் நேரத்தையும் சேர்த்தே பயணத்தை அளக்க வேண்டும். வீட்டை முடிவு செய்யுமுன், வேலை நாள் ஒன்றில் காலையிலும் மாலையிலும் இரு பயணங்களையும் செய்து பார்ப்பது எந்த வரைபடத்தையும்விடத் தெளிவான விடை தரும்.

தன்மையும் அந்தரங்கமும்

வீட்டின் அந்தரங்கம் மூவகைப்படும்: வெளியார் பார்வையிலிருந்து காப்பு, அண்டை வீட்டு ஓசையிலிருந்து காப்பு, வீட்டிலுள்ளோர் ஒருவரிடமிருந்து ஒருவர் சிறிது நேரம் ஒதுங்கியிருக்கும் வாய்ப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் குடும்பங்களில் 37.1 விழுக்காடு ஒரே அறை கொண்ட வீடுகளில் வாழ்ந்தன. எனவே மூன்றாம் வகை அந்தரங்கம் பலருக்கு எட்டாததாகவே இருந்து வந்துள்ளது. ஓரறை வீட்டின் அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு வரையறுக்கிறது. பரப்பு இன்றியமையாததே, எனினும் அந்தரங்கத்தைத் தருவது பரப்பு மட்டுமன்று. எதிர் வீட்டு வாசலுக்கு நேரே வாசல் அமையாமை, சன்னல்கள் ஒன்றையொன்று நோக்காமை, மாடிச் சுவரின் உயரம், தனிப் படிக்கட்டு ஆகியவை சிறிய வீட்டிலும் பெரும் நன்மை பயப்பன.

தில்லியின் ‘பர்சாத்தி’ இதற்குச் சான்று. இரண்டரை மாடி வீடுகளில் அந்த ‘அரை’ மாடியாக மொட்டைமாடியில் எழுப்பப்பட்ட சிறு குடியிருப்பு அது. மழையைக் குறிக்கும் ‘பர்சாத்’ என்ற இந்திச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். கோடையில் வெயிலின் கடுமை மிகும். ஆனால் திறந்த வானமும், தனக்கென ஒரு முற்றமும், தலைக்கு மேல் எவரும் இல்லாத அமைதியும் உண்டு. பல மனைகளில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, வாகனம் நிறுத்தத் தூண்களும் அவற்றின்மேல் நான்கு தளங்களும் எழுந்துவிட்டதால், பர்சாத்திகள் அருகி வருகின்றன.

அடர்த்தியும் அந்தரங்கமும் முரண்பட்டவை அல்ல என்பதைக் கட்டடக்கலைஞர் ராஜ் ரேவல் காட்டியுள்ளார். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக சிரி கோட்டை அருகே அவர் வடிவமைத்த குடியிருப்பில் 700 வீடுகள் உள்ளன. வாகனங்கள் புறத்தே நிறுத்தப்பட, உள்ளே நடப்பதற்குரிய தெருக்களும் முற்றங்களும் ஒன்றையொன்று தொடர்கின்றன. மாறாக, ஷாப்பூர் ஜாட், முனீர்கா போன்ற நகர்ப்புறக் கிராமங்களில் தெருக்களுக்குத் தனி முகமும் உயிர்ப்பும் உண்டு. ஆயினும் கட்டடங்கள் நெருங்கி நிற்பதால் ஒளியும் காற்றும் அந்தரங்கமும் குறைகின்றன. தன்மை உள்ள இடத்தில் அந்தரங்கமும் தானே வந்துவிடும் எனக் கொள்வதற்கில்லை. இரண்டையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

எவருடைய பயணம் நீளலாம்?

நடுப்பகுதியில் வாடகை தாங்க முடியாதபோது, குடும்பம் ஒரு முனையை நோக்கி நகர்கிறது. மொத்தத் தூரம் மாறாவிடினும், ஒருவர் சுமை பெருகுகிறது. அது எவருடையது என்பதே உண்மையான கேள்வி. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்கள். இத்தகைய நிலையில் நீண்ட பயணமும் மனைவியின் பங்காயின், அவர் வேலையையே துறக்க நேரிடலாம். கணவனின் அலுவலகத்தை ஒட்டி வீடு பார்ப்பது வழக்கம் என்பதற்காக அதையே பின்பற்றுவது குடும்பத்தின் வருவாய்க்கும் நன்மையன்று. வீட்டு வேலையையும் பயணத்தையும் ஒரே கணக்கில் வைத்துப் பங்கிடுவதே நியாயமாகும்.

நிர்வாகத்தின் கடமை

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், எழுத்துவழி ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. வீட்டு உரிமையாளர் உள்ளே வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும் என்பது அதன் குறிப்பிடத்தக்க விதி. வாடகை வீட்டிலும் அந்தரங்கம் உரிமையே என்பதை அது ஏற்கிறது. மாநிலங்கள் சட்டமியற்றினாலன்றி இவ்விதிகள் குடிக்கூலியரை எட்டா.

கணவன் மனைவி இருவரையும் இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்துமாறு மத்திய அரசு 1986-லும் 2009-லும் நெறிமுறைகள் வகுத்தது. ஆனால் பெருநகரில் ‘ஒரே ஊர்’ என்பது இருவருக்கும் எதிர்த்திசைப் பயணங்களைக் குறிக்கக்கூடும். 2011 கணக்கெடுப்பு, வேளாண்மைக்கும் வீட்டுத் தொழிலுக்கும் புறம்பான தொழிலாளர்களின் பயணத் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டறிந்தது. அது தனி மனிதரின் பயணத்தைக் காட்டும். ஒரே வாசலிலிருந்து புறப்படும் இரு பயணங்களைச் சேர்த்துக் காட்டும் அட்டவணைகளும் தேவை.

மெட்ரோ சந்திப்புகளை ஒட்டி நடுத்தர வாடகை வீடுகளை அனுமதிக்கும்போது, தளப்பரப்பை மட்டுமன்றிச் சன்னல்களின் இடைவெளி, ஓசைத் தடுப்பு, திறந்த முற்றம் ஆகியவற்றையும் விதிகளில் சேர்ப்பது அவசியம். வீட்டுவசதித் துறையும் போக்குவரத்துத் துறையும் தனித்தனியே திட்டமிடும்வரை, மலிவான வீடு தொலைவிலும் அருகிலுள்ள வீடு எட்டாத விலையிலுமே இருக்கும். இரு பணிகளைத் தாங்கும் குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு திட்டமிடுதல், பெருநகர வளர்ச்சியில் இனி எடுக்கப்பட வேண்டிய அடியாகும்.