மருட்கையும் எள்ளலும்: சீனப் பயணம் கற்பித்த பாடம்

பிறநாடு காணச் செல்வார்க்கு முதற்கண் தோன்றும் மெய்ப்பாடு மருட்கையாகும். அது பெருமை, சிறுமை, ஆக்கம், புதுமை என்னும் நான்கன் வழியாகப் பிறக்குமெனத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். சென்ற கோடை விடுமுறையில் எம் பெற்றோருடனும் பாட்டியாருடனும், வழிகாட்டி ஒருவரின் துணைகொண்டு, சீன நாட்டிலே பெய்ஜிங், சியான் என்னும் இரு நகரங்களை எட்டு நாள் கண்டு வந்தோம். அந்நான்கும் ஆங்கு எமக்கு எய்தியவாற்றையும், அவற்றுள் புதுமை மட்டும் நெறி பிறழ்ந்து எள்ளலாய் முடியக்கூடும் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பெருமைக்குச் சான்று பெய்ஜிங்கில் மிகுதி. 1406-இல் தொடங்கி 1420-இல் முடிந்த அரண்மனையில் மிங், சிங் மரபுகளைச் சேர்ந்த பேரரசர் இருபத்து நால்வர் வாழ்ந்தனர். பொதுமக்கள் புகலாகாதிருந்த அவ்விடம் 1925 முதல் அருங்காட்சியகமாய் விளங்குகின்றது. நெடுஞ்சுவரோ ஒரே காலத்தில் ஒருவரால் எழுப்பப்பட்டதன்று. பல மரபினர் பல காலத்தில் கட்டியவற்றையெல்லாம் கூட்டின் 21,000 கிலோமீட்டருக்கு மேற்படுமென 2012-இல் சீன அரசினர் அறிவித்தனர்.

ஆக்கமும் சிறுமையும் சியானில் ஒருங்கே கிடைத்தன. 1974-இல் அந்நகரின் அருகே உழவர் சிலர் கிணறு தோண்டினர். நீர் தேடியவர்க்கு ஒரு படையே கிடைத்தது. சீனத்தை ஒருகுடைக்கீழ் ஆண்ட முதற் பேரரசனின் கல்லறையைக் காக்க மண்ணாற் செய்து சுட்ட வீரர் அவர். ஆயிரக்கணக்கான உருவங்களின் பரப்பினும் எம்மை மிக நிறுத்தியது, முழந்தாளிட்ட வில்வீரன் ஒருவனின் காலணி. அதன் அடிப்புறத்துத் தையலையும் விடாது வடித்திருந்தான் அக்குயவன்.

இனிப் புதுமை. முன்னைய மூன்றும் கண்ணுக்கு இன்பம் பயப்பன; இதுவோ வாழ்க்கையில் வந்து முட்டுவது. உண்டிச்சாலையில் தண்ணீர் கேட்டோர்க்கு வெந்நீர் வரும். இரயில் வண்டியிலும் வெந்நீர்க் குழாய் உண்டு. எம் விடுதியின் மின்தூக்கியில் மூன்றாம் மாடியை அடுத்து ஐந்தாம் மாடி இருந்தது. சீன மொழியில் நான்கு என்னும் எண்ணுப்பெயரும் சாவைக் குறிக்கும் சொல்லும் ஒத்த ஒலியின; குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே வேறாவன. ஆதலின் அவ்வெண்ணை விலக்குவர். இதற்கு நகைத்தல் எளிது. ஆயின் நம்மவருள் எட்டாம் எண்ணை அஞ்சுவார் இலரோ? அதே எட்டு, சீனர்க்கு வளம் தரும் எண். பெய்ஜிங் ஒலிம்பிக்கு விளையாட்டை அவர்கள் 2008-ஆம் ஆண்டு எட்டாம் திங்கள் எட்டாம் நாள் இரவு எட்டு மணியளவில் தொடங்கினர்.

பந்தியில் இடர் பெரிதாயிற்று. சுழலும் வட்ட மேசையில் உணவுத் தட்டுகளை வைத்து, ஒவ்வொருவரும் தத்தம் உணவுக்கோலால் அவற்றினின்றே எடுத்து உண்பர். எம் பாட்டியார் கையை இழுத்துக்கொண்டு, "எச்சில் பட்டதை எப்படி உண்பது, தம்பி?" என்றார். அன்று அவர் பழத்தோடு அமைந்தார். மறுநாள் காரணம் அறிந்த வழிகாட்டி, தட்டுதோறும் பரிமாறுதற்கெனத் தனிக்கோல் வைப்பித்தார். பொதுக்கோல் என அவ்வழக்கம் அவர்களிடத்தும் உண்டு; 2020-இல் கொள்ளை நோய் பரவியபோது அரசினரே அதனை வற்புறுத்தினர். ஒரு தட்டில் உண்பது ஒரு குடும்பமென்னும் அன்பின் அடையாளம் என்றும், மூத்தோர் தம் கோலால் விருந்தினர் கிண்ணத்தில் உணவிடுவது மதிப்பென்றும் வழிகாட்டி விளக்கினார். யாம் எச்சில் என்று ஒதுக்கியதை அவர் உறவென்று கொண்டனர். அவ்வமயம் எம் தந்தையார் கோலை வைத்துவிட்டுக் கையால் உண்ணத் தொடங்க, அயல் மேசைச் சிறார் வியந்து நோக்கினர்.

அந்நோக்கு புதிதன்று. சியான் நகரில் 652-இல் கட்டப்பெற்றுப் பின்னர்ப் புதுக்கப்பட்ட பெருங்கோபுரம் ஒன்றுளது. யுவான் சுவாங் இந்தியாவினின்று கொணர்ந்த பௌத்த நூல்களைப் பேணுதற்கு எழுந்தது அது. பதினாறு ஆண்டுகளுக்குக் குறையாமல் திரிந்து 645-இல் தாயகம் மீண்ட அத்துறவி, நம் காஞ்சி மாநகரையும் கண்டவர். அந்நாட்டார் கல்வியைப் போற்றுவோர் எனக் குறித்தவர். இந்தியர் உண்ணுமுன் கழுவுவர், எஞ்சியதை மீண்டும் பரிமாறார், கரண்டியும் கோலுமின்றி விரலால் உண்பர் என்றும் அவர் எழுதினார். கோலால் உண்டு பழகிய அவர்க்கு நம் பந்தி எத்துணைப் புதுமை! எனினும் அவர் எள்ளினாரல்லர்; தூய்மை பேணும் மக்களின் ஒழுக்கமாகவே அதனை வரைந்தார். நம் முன்னோர் உண்ட முறையை இன்று நாம் அறிய அவர் குறிப்பும் துணையாகின்றது. அவர் நகைத்துவிட்டு அகன்றிருப்பின் அவ்வறிவு நமக்கு எய்தியிராது.

மாணவ நண்பர்காள்! எட்டு நாளில், பிறர் காட்டிய இடங்களை மட்டும் கண்ட யாம் சீனரை அறிந்தோம் எனல் மிகை. ஆயினும் ஒன்று கூறுவோம். புதியது ஒன்று எதிர்ப்படின் முதலில் அதன் காரணத்தை வினவுக. நம் வழக்கமும் அயலார்க்கு அத்துணைப் புதுமையே என நினைக. அதன் பின்னரும் ஏற்கத் தகாததாயின், எம் பாட்டியாரைப்போல் வேறு கோல் கேட்டல் தவறன்று. அவர் இறுதி நாளில் தம் கையாலேயே பொதுக்கோலை எடுத்து, வழிகாட்டியின் கிண்ணத்தில் உணவிட்டார்.