தீப்பொறியும் எஞ்சின் தட்டும் ஓசையும்

வேகத்தில் மோகங்கொண்டு கார்களைத் திருத்தியமைக்கும் அன்பர்களிடையே நெடுங்காலமாக வேரூன்றிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு: ஸ்பார்க் பிளக்கின் பொறியை எவ்வளவுக்கெவ்வளவு முன்கூட்டி விழச் செய்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு வண்டியின் சக்தி பெருகும் என்பது. இதில் பாதி உண்மை கலந்திருப்பதனாலேயே இது மிகுந்த அபாயமுள்ள நம்பிக்கையாகிறது.

பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவை ஒரே க்ஷணத்தில் முழுவதும் பற்றிவிடுவதில்லை. பொறி விழுந்த இடத்திலிருந்து சுடர் பரவிச் சிலிண்டரின் ஓரத்தை எட்டுவதற்குச் சற்று அவகாசம் வேண்டும். நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டு ஒரே விநாடியில் 36,000 டிகிரி திரும்பிவிடுகிறபடியால், பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்பே பொறி விழுந்தாக வேண்டும் என்பது வாஸ்தவம். உச்சியைக் கடந்து கிராங்க் ஏறக்குறைய 15 டிகிரி திரும்பிய தறுவாயில் சிலிண்டரின் அழுத்தம் உச்சத்தை எட்டுமானால் இழுவை பூரணமாகக் கிடைக்கும். அதற்கும் மேலே டைமிங்கை அட்வான்ஸ் செய்தாலோ, மேலேறி வருகிற பிஸ்டனையே எரியும் வாயு எதிர்த்து அழுத்துவதால், நாக்கிங் எட்டிப் பார்க்காத எஞ்சினிலுங்கூடச் சக்தி குறையுமேயொழியக் கூடாது.

இனி அந்த நாக்கிங்கைப் பற்றி. பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வேறு வியாதி. செந்தணலாய்க் காய்ந்த கரிப்படிவோ பிளக்கின் முனையோ அதற்குக் காரணமாயிருக்கும். இவ்விரண்டையும் பிரித்துணர்ந்து விளக்கிய முன்னோடிகளில் ஒருவர் ஆங்கிலேயரான ஹாரி ரிக்கார்டோ. நாக்கிங் என்பது பொறி முறைப்படி விழுந்து சுடர் பரவிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் எரியாமல் ஓரத்தில் எஞ்சி நிற்கும் கலவை, அழுத்தமும் உஷ்ணமும் தாங்காமல் தானே ஒருமிக்க வெடித்துவிடுவதாகும். அவ்வெடிப்பின் அதிர்வு, பெரும்பாலான கார் எஞ்சின்களில் விநாடிக்கு ஆறாயிரம் ஏழாயிரம் தடவை சிலிண்டருக்குள் மோதி மீள்கிறது. சாதாரணமாகப் பிஸ்டனின் தலையை ஒட்டி மெல்லிய வாயுப் படலமொன்று கவசம்போல் நின்று அதனைக் காக்கும். இந்த அதிர்வு அப்படலத்தைக் கலைத்துவிட, வெப்பம் நேரே அலுமினியத்தில் பாய்கிறது. பிஸ்டனின் ஓரம் அரிக்கப்படுவதும், ரிங்குகளுக்கு இடைப்பட்ட பகுதி முறிவதும், ஹெட் கேஸ்கெட் பிளந்துபோவதும் இதன் விளைவுகளே.

‘காதில் சப்தம் விழவில்லையே, பின் பயமெதற்கு?’ என்று கேட்பவர்கள், அகன்ற சைலன்ஸரின் முழக்கமும் காற்றின் இரைச்சலும் சேர்ந்த அதிவேகத்தில், அதாவது சேதம் மிகுதியாக விளையும் அந்த நேரத்தில்தான், நாக்கிங்கின் ஓசை அடியோடு அமுங்கிப்போகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கைதேர்ந்தவர்கள் எஞ்சின் பிளாக்கில் உணர்கருவியைப் பொருத்தி ஹெட்ஃபோன் வழியாகக் கேட்டுக்கொண்டே டியூனிங் செய்வது இதனால்தான். காரிலேயே நாக் சென்ஸர் இருக்கிறதே என்றால், அது நாக்கிங் நிகழ்ந்த பின்னரே அறிந்து டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பது. வருமுன் தடுக்கும் வல்லமை அதற்கில்லை.

எல்லாவற்றினும் பரவலான பிரமை ஆக்டேன் எண்ணைப் பற்றியது. எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று நம்பி, மாற்றமெதுவும் செய்யாத சாதாரண வண்டிக்கு அதிக விலை கொடுத்து ஊற்றுகிறவர்கள் எத்தனையோ பேர். அந்த எண் எரிசக்தியின் அளவு அல்ல. தானே வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் பொறுமையின் அளவு. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு பூஜ்யம் என்று வைத்து வகுத்த அளவுகோல் அது. 1940-ல் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கு 87 ஆக்டேனுக்குப் பதிலாக 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்தபோது, சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு ஆறே கால் பவுண்டிலிருந்து பன்னிரண்டுக்கு உயர்த்த முடிந்தது. சக்தி வந்தது அந்த உயர்ந்த அழுத்தத்தினால். அழுத்தத்தை உயர்த்த இடங்கொடுத்ததே பெட்ரோல் செய்த உபகாரம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை எழுதியும் பிரயோஜனமில்லை. அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் காணும் ஆக்டேன் எண்ணும் நம் நாட்டு எண்ணும் ஒன்றல்ல. இங்கே குறிப்பிடப்படுவது ஆய்வு முறை எண். அங்கே அதனையும் அதைவிடக் கடுமையான மோட்டார் முறை எண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்து எழுதுகிறார்கள். ஆகவே அங்கத்திய 93 என்பது இங்கத்திய கணக்கில் ஏறக்குறைய 98 ஆகும். அமெரிக்காவில் 93-க்கென்று தயாரித்த டியூனிங் மேப்பை வாங்கி, ‘நம்மிடந்தான் 95 இருக்கிறதே’ என்ற தைரியத்தில் டர்போ எஞ்சினில் ஏற்றுகிறவர், தம்மையறியாமல் ஏறக்குறைய மூன்று எண் தாழ்ந்த பெட்ரோலில் அதனை ஓட்டுகிறார். 91 எண்ணுள்ள பெட்ரோலை ஊற்றினாலோ வித்தியாசம் ஏழாகிவிடுகிறது. அதன்மேல் சித்திரை மாத மத்தியான வெயிலில் உள்ளிழுக்கும் காற்றின் உஷ்ணமும் சேர்ந்துகொண்டால் பிஸ்டன் எவ்வளவு நேரந்தான் பொறுக்கும்?

நிதானமுள்ள டியூனர், எஞ்சினின் இழுவையை அளக்கும் டைனோ இயந்திரத்தில் டைமிங்கைச் சிறிது சிறிதாக அட்வான்ஸ் செய்துகொண்டே போய், இழுவை கூடுவது நின்ற இடத்திலோ நாக்கிங்கின் முதல் அறிகுறி தோன்றிய இடத்திலோ, எது முந்துகிறதோ அங்கே நிறுத்திவிடுவார். நாக்கிங் முந்தினால் அங்கிருந்து இரண்டு மூன்று டிகிரி பின்வாங்கியும் வைப்பார். பிறகு வண்டியை நன்றாக விரட்டி ஓட்டிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வெள்ளைப் பீங்கானின்மீது மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளிகளும், இடையிடையே மினுக்கும் துணுக்குகளும் தென்படுமானால், அந்த மினுக்கம் பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம்.