நண்டின் மேல் போட்ட பழி

அன்பு மருமகளே,

கட்டுமாவடிக்கு வந்திருந்தபோது நீ கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு முறை கரு கலைந்த உன் மதினி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குடலில் வாழும் பாக்டீரியாவால் கரு கலையுமா என்று கேட்டாய். நர்சிங் படிக்கிற பெண் கேட்க வேண்டிய கேள்விதான்.

கருவில் பாதி தகப்பன் வழி வந்தது. தாயின் எதிர்ப்புச் சக்திக்கு அது அந்நியம். அதைத் தாக்காமல் அடக்கி வைக்கும் வெள்ளணுக்கள் உண்டு. நாம் தின்னும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது பியூட்ரேட் என்ற அமிலம் உண்டாகிறது. அந்த வெள்ளணுக்கள் பெருக அது துணை செய்கிறது. சந்தேகம் இங்கேதான் பிறந்தது. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்திருந்ததைச் சீனாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் கலைந்த பிறகு எடுத்த மாதிரியை வைத்து எது முந்தி, எது பிந்தி என்று சொல்லிவிட முடியாது.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2019-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் உடம்பு தன் சொந்தப் புரதத்தையே எதிர்க்கும். ரத்தம் உறையும், கரு கலையும். ரோஸ்பூரியா என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு புரதத்தில் சில பகுதிகள் அந்தச் சொந்தப் புரதத்தின் பகுதிகளைப் போல இருக்கின்றன. நோய் வரக்கூடிய எலிகளுக்கு அந்தப் பாக்டீரியாவைக் கொடுத்தபோது அதே எதிர்ப்பொருள் உருவானது. இத்தனைக்கும் ரோஸ்பூரியா பியூட்ரேட் தரும் 'நல்ல' பாக்டீரியா! அதனால்தான் சொல்கிறேன், செல்போனில் விளம்பரம் பார்த்து புரோபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுக்காதே. கருவைக் காக்கும் என்று நிரூபணமான மாத்திரை எதுவும் இல்லை. மதினி பழைய சோறும் மோரும் விரும்பினால் சாப்பிடட்டும். அது உணவு, வைத்தியம் அல்ல.

மீன் மார்க்கெட்டில் கூடை முன்னால் உட்கார்ந்து, "நண்டு தின்னா, சூடு புடிச்சிருச்சு" என்று அவள் காதுபடப் பேசுகிறார்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். அவள் தின்றதாலோ, குனிந்து நிமிர்ந்ததாலோ அது வருவதில்லை.

இரண்டு முறை கலைந்துவிட்டது; மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டாம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. தைராய்டு, சர்க்கரை, கருப்பை ஸ்கேன் எல்லாம் பார்க்கச் சொல். ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனையும் எடுக்கச் சொல்; அதில் எதிர்ப்பொருள் இருப்பதாக வந்தால் 12 வாரம் விட்டு மறுபடியும் எடுக்க வேண்டும். அந்த நோய் இருந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும் கொடுப்பார்கள். அந்தச் சிகிச்சையோடு பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். உன் அண்ணனையும் கட்டாயம் கூட அழைத்துப் போ. குரோமோசோம் சோதனை தேவைப்பட்டால் இரண்டு பேருக்கும்தான் எடுப்பார்கள்.

அன்புடன்,
அத்தை