ரேகை வைக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, அறந்தாங்கியிலிருந்து மாமா எழுதுவது.

பத்திர எழுத்தர் உரிமம் வந்துவிட்டது, ஆலங்குடியில் மேசை போடப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மனம் நிறைந்தது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் எழுத எழுதப் பழகிவிடும். உயிரோடு இருக்கும்போதே சொத்தை இனாமாக எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மெண்ட் பற்றி மட்டும் நான் சொல்லியே ஆக வேண்டும்.

முதியோர் கொடுமை என்றால் அடி உதை என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். நேரத்துக்குச் சோறு போடாததும், மாத்திரை வாங்கித் தராததும், மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகையைப் பிள்ளையே எடுத்துக்கொள்வதும் கொடுமைதான். நான் பார்த்தவரை, வீட்டையும் கொல்லையையும் எழுதி வாங்கிய பிறகுதான் இவற்றில் பாதி தலைகாட்டும். அந்தப் பத்திரத்தை எழுதுவது நம் கை.

கார் வந்து நிற்கும். மகன் முதலில் இறங்குவான். அம்மாவை இறக்கும்போதே, "அதுக்குக் காது கேக்காது, நான் சொல்றேன், எழுதுங்க" என்பான். நீ பேனாவை மூடிவிடு. அவனை டீ குடித்துவிட்டு வரச் சொல். அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆத்தா, இதுல கையெழுத்துப் போட்டா வீடு ஒன் பேர்ல இருக்காது, தெரியுமா?" என்று கேள். "பட்டாவுல பேரு சேக்கத்தானே கூட்டியாந்தான்?" என்று திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் எழுதாதே. அன்றைய கூலி போனால் போகட்டும்.

1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள்கூட எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அன்று முப்பது வயதில் பேர் எழுதப் பழகியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய ஆத்தாக்கள். அவர்களைக்கூட "ரேகை வச்சாப் போதும்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நீ அவர்கள் கையில் பேனாவைக் கொடு. பத்திரம் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டு.

உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டை நினைத்தபோது போய்த் தானாக ரத்து செய்துவிட முடியாது. இந்த வித்தியாசத்தை முதலில் சொல். அதற்குப் பிறகும் பிள்ளைக்குத்தான் என்றால், ஆயுள் உள்ளவரை அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், சாப்பாடு, துணிமணி, வைத்தியச் செலவு பிள்ளையுடையது என்பதையும், தவறினால் பத்திரம் செல்லாது என்பதையும் தெளிவாக எழுது. பிள்ளை முகம் சுளித்தால், பெற்றவளுக்கு எச்சரிக்கை அங்கேயே கிடைத்துவிட்டது.

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு, எழுதி வாங்கியவர் பார்த்துக்கொள்ளத் தவறினால் பத்திரத்தை ரத்து செய்யத்தான் இருக்கிறது. அதற்குப் பத்திரத்தில் நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. நாகப்பட்டினத்தில் மூன்று மகள்கள் இருந்தும் மகனுக்கே எழுதிக்கொடுத்த 87 வயது மூதாட்டியின் பத்திரத்தைக் கோட்டாட்சியர் ரத்து செய்தார். அன்பின் பேரில் எழுதியதே மறைமுகமான நிபந்தனைதான் என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 87 வயதில் ஒருத்தி வழக்கு நடத்த வேண்டியிருந்ததே என்பதுதான் எனக்கு வேதனை. ஒரு வரி நிபந்தனை எழுதியிருந்தால் அந்த அலைச்சலில் எவ்வளவோ குறைந்திருக்கும்.

ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதே. புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் மூன்று இடத்திலும் கோட்டாட்சியர் இருக்கிறார்; அந்தச் சட்டப்படி தீர்ப்பாயம் அவர்தான். வக்கீல் தேவையில்லை. நடக்க முடியாதவர்களுக்காக வேறொருவர் மனுக் கொடுக்கலாம். ஜீவனாம்ச மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை கிடைக்கும். அந்த மனுவை நீயே எழுதிக் கொடு, காசு வாங்காதே.

ஜூன் 15 முதியோர் கொடுமைக்கு எதிரான விழிப்புணர்வு நாள். அதுவரை காத்திருக்காமல், மேசை போடும் அன்றே 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஒட்டிவை. பிள்ளைகளும் பார்க்கட்டும்.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா