உள்ளே போக மறுக்கும் தோட்டா

1915ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே கனடா நாட்டுப் படையினர் பதுங்குகுழிகளில் இருந்தனர். 22ஆம் தேதி ஜெர்மானியர் குளோரின் நச்சுவாயுவை ஏவினர். அதைத் தொடர்ந்த சண்டையில் கனடியர் கையிலிருந்த ரோஸ் வகை ரைஃபிள்கள் சிக்கிக்கொண்டன. கையால் நகர்த்த முடியாத போல்ட்டை வீரர்கள் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். வீழ்ந்து கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களை எடுத்துப் போரிட்டவர்கள் பலர்.

இத்தனைக்கும் இரண்டு ரைஃபிள்களும் .303 என்ற ஒரே பெயருடைய தோட்டாவையே சுட்டன. பிறகு ஏன் ஒன்று ஏற்றது, மற்றொன்று மறுத்தது? பொறியியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் பிடித்தது. அதன் விடையைத் தேடப்போனபோதுதான், கையால் தோட்டா நிரப்புபவர்கள் இதே சிக்கலை அன்றாடம் சந்திக்கிறார்கள் என்பது தெரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருந்தாலும் 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். ஆகவே யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கப் போவதில்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுவோரும் சட்டப்படி செய்யும் வேலை இது.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு. பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பேச்சிலும் நாளிதழிலும் நாம் குண்டையும் தோட்டா என்றே சொல்லிவிடுகிறோம். மலாய்மொழியின் 'பெலுரு'வுக்கும் இதே குழப்பம் உண்டு. இங்கே பறந்து செல்வது மட்டுமே குண்டு. நான்கும் சேர்ந்தது தோட்டா. உறைக்கு உடல், சரிந்து இறங்கும் தோள், அதன்மேல் குறுகிய கழுத்து என்று சொம்பைப் போன்ற வடிவம். (.303க்கு உரிய கார்டைட் மருந்து மெல்லிய குச்சிகளாக இருந்ததால், குச்சிக்கட்டை உள்ளே வைத்த பிறகே உறையின் கழுத்தைக் குறுக்கினார்கள். நீலகிரி மலையில் உள்ள அருவங்காட்டின் தொழிற்சாலை இந்தக் கார்டைட்டுக்காகவே நிறுவப்பட்டது.)

சுடும்போது உறை உப்பித் துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சற்றே சுருங்கும். ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. மறுபடி நிரப்ப வேண்டுமானால் உறையை எஃகு அச்சுக்குள் அழுத்திச் சிறிதாக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

அச்சைப் பாதி மட்டுமே இறக்கினால் உறை முன்பைவிட நீளமாகிவிடும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. யோசித்தால் புரிகிறது. உடலை நெருக்கினால் பித்தளை எங்கே போகும்? மேல்நோக்கிப் போய்த் தோளை முன்னே தள்ளும். அச்சு முழுதும் இறங்கினால்தான் தோள் பின்வாங்கும். போல்ட் வகை ரைஃபிளுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் பின்வாங்கினால் போதும். படிவம் நான்கில் நாம் பிடித்த 'அங்குப் வெர்னியர்' 0.1 மில்லிமீட்டர்தான் காட்டும். இந்த வேலைக்கு அது பயன்படாது.

பலமுறை சுட்ட பித்தளை கெட்டிப்பட்டு, அச்சிலிருந்து வெளிவந்ததும் மீண்டும் விரியப் பார்க்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக் கடைகளில் பளபளக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கும் இதே குணம்தான். அடிக்க அடிக்க இறுகும், காய்ச்சினால் இளகும். உறையில் கழுத்தையும் தோளையும் மட்டுமே காய்ச்சலாம். அடிப்பகுதி இளகிவிட்டால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது.

சரி, தோட்டா நுழையவில்லை. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் வீட்டில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. பாட்டியின் முறுக்கு உரல் பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கியது. ஒரு தீபாவளிக்கு முன் அதற்குத் தேங்குழல் வில்லை ஒன்றைக் கிள்ளானில் வாங்கி வந்தோம். கடைக்காரர் 'எல்லா உரலுக்கும் பொருந்தும்' என்றார், பொருந்தவில்லை. நான் சுத்தியலைத் தேடினேன். பாட்டி என்னைத் தடுத்து, விளக்குக் கரியை வில்லையின் ஓரத்தில் தடவி, உள்ளே வைத்து எடுத்தார். ஓரிடத்தில் மட்டும் கரி அழிந்திருந்தது. அப்பா அந்த இடத்தில் மட்டும் அரம் போட்டார்.

தோட்டாவுக்கும் இதே வைத்தியம்தான். முதலில் பிரைமரும் மருந்தும் குண்டும் இல்லாத வெற்றுறையைக் கரி அல்லது கறுப்பு மை தடவி அறைக்குள் வைத்துப் பார்ப்பார்கள். அதுவே நுழையவில்லை என்றால் குற்றம் உறையில். தோளில் மை அழிந்திருந்தால் தோள் போதிய அளவு பின்வாங்கவில்லை. அடிக்குச் சற்று மேலே வளையமாக அழிந்திருந்தால், அந்த உறை அகன்ற அறையுள்ள வேறொரு துப்பாக்கியில் சுட்டதாக இருக்கலாம். சாதாரண அச்சு அந்த அளவு கீழே எட்டாது. வெற்றுறை தடையின்றிப் போய், குண்டு செருகியது மட்டும் நின்றால் மூன்று ஐயங்கள். குண்டு அதிகம் வெளியே நீட்டிக்கொண்டு குழலின் முறுக்குவரிகளில் முட்டலாம். வாயை இறுக்கும்போது அளவு மீறித் தோள் பிதுங்கியிருக்கலாம். கழுத்துப் பித்தளை தடித்திருக்கலாம்.

உறையின் நீளம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சுடச்சுடப் பித்தளை கழுத்தை நோக்கி ஒழுகும். எடுத்துக்காட்டாக, .308 வின்செஸ்டர் உறை 51.18 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உறையின் வாய் அறையின் விளிம்பில் இடித்துக் குண்டை இறுக்கிப் பிடிக்கும். சுடும்போது குண்டை விட முடியாமல் அழுத்தம் ஏறிவிடும். போல்ட்டுக்கு நெம்புகோலின் வலிமை இருப்பதால், பலம் கொடுத்தால் அது மூடிக்கொள்ளவும் கூடும். எனவே மூடிவிட்டது என்பதற்காகச் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட முடியாது.

மீண்டும் ரோஸ் ரைஃபிளுக்கு வருவோம். அதன் அறை நெருக்கமானது. கனடாவில் கவனமாகச் செய்த தோட்டாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. போர் அவசரத்தில் பிரிட்டனில் செய்த தோட்டாக்களில் அளவு கூடியும் குறைந்தும் இருந்தது. லீ-என்ஃபீல்டின் அறை தாராளமானது. அடிவிளிம்பு உட்கார்ந்தால் போதும், மற்ற வேறுபாடுகளைப் பொறுத்துக்கொள்ளும். மண்ணும் சூடும் சேர்ந்தன. போல்ட்டின் பின்பல் தடுப்பில் மோதி நசுங்கும் குறையும் ரோஸில் இருந்தது. அறைகளைக் குடைந்து அகலப்படுத்திப் பார்த்தார்கள். படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் ரோஸை விடாப்பிடியாக ஆதரித்தார். ஆயினும் 1916இல் கனடியப் படை லீ-என்ஃபீல்டுக்கு மாறியது. அவ்வாண்டு நவம்பரில் ஹியூஸும் பதவி இழந்தார். குறிபார்த்துச் சுடுவோர் சிலர் மட்டும் ரோஸைக் கைவிடவில்லை. துல்லியத்தில் அதற்கு நல்ல பெயர் இருந்தது.

இன்று வீட்டுப் பட்டறையில் நுழையாத தோட்டா ஒன்று கிடைத்தால், அனுபவசாலிகள் அதை அறைக்குள் திணிப்பதில்லை. முறுக்குவரிகளில் இறுகிய குண்டு அங்கேயே தங்கிவிட, உறை மட்டும் வெளியே வந்து மருந்து துப்பாக்கிக்குள் கொட்டிவிடலாம். அதற்கென உள்ள கருவியால் குண்டைப் பிடுங்கி, மருந்தைத் தனியே எடுத்து, உறையை அளந்து, முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.