கைவிட்ட யோசனைக்கும் ஒரு பக்கம்

தை, மாசியில் காணிப்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கரும்பு ஆட்டி, வெல்லம் காய்ச்சும் வேலை மும்முரமாக இருக்கும். சித்தூர் வட்டாரத்துப் பொறியியல் மாணவர்களுக்கு வழிகாட்டும் நான், வடிவமைப்பு புராஜெக்டுக்கு அவர்களை முதலில் அனுப்புவது வெல்லம் காய்ச்சும் அந்தக் கொட்டகைகளுக்குத்தான். சாறு சுமார் 118 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்தால்தான் வெல்லப் பதம் வரும். எரிபொருள், சாறு பிழிந்து காயவைத்த சக்கை. சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வீணாகப் போகிறது. அதைக் குறைக்கும் அடுப்பு ஒன்றை வடிவமைப்பது நல்ல பயிற்சி.

அந்த வேலையைப் பதிவுசெய்ய போர்ட்ஃபோலியோ என்றதும் பிள்ளைகள் நினைப்பது ரெக்கார்டு நோட்டைத்தான். வைவாவுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து, முடிந்த வேலையை அழகாக எழுதி பைண்டிங் போடுவது நம் பக்கத்து வழக்கம். அதில் விடை இருக்கும், விடைக்கு வந்த வழி இருக்காது. வடிவமைப்பு படித்த ஒருவரிடம் நான் தேடுவது அந்த வழியைத்தான். அதனால் என் முதல் நிபந்தனை: அன்றன்று எழுத வேண்டும், தேதி போட வேண்டும், எதையும் கிழிக்கக் கூடாது.

ஒரு குழு கொட்டகைக்குப் போன முதல் நாள், கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "நுரை இந்தப் பக்கமே ஏறுது பாரு தம்பி, அந்தப் பக்கம் சூடு பத்தல." அதை அவர் வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன். 'வெப்பப் பரவல் சீராக இல்லை' என்று மாற்றி எழுதியிருந்தால் நுரை மறைந்திருக்கும். எங்கே அளக்க வேண்டும் என்ற துப்பும் போயிருக்கும். பிறகு தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தபோது, புகைபோக்கிப் பக்கம் கொப்பரையின் அடி உண்மையிலேயே குளிர்ந்திருந்தது. அவர் பேச்சும் அளந்த எண்ணும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் அந்த நோட்டை இன்றும் புது மாணவர்களுக்குக் காட்டுகிறேன்.

அதே குழு முதலில் ஊதுவிசிறி வைக்கத்தான் நினைத்தது. காய்ச்சும்போது நடுவில் கரண்ட் போனால் பாகு கெட்டுவிடும் என்று கொட்டகைக்காரர் மறுத்தார். அந்த யோசனையை ஏன் கைவிட்டார்கள் என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கச் சொன்னேன். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் மீண்டும் விசிறியில் தொடங்காமல், தீயைச் சுற்றிப் போகவைக்கும் செங்கல் தடுப்பில் நேராக இறங்கியதற்கு அந்தப் பக்கம்தான் காரணம். ரைட் சகோதரர்கள் 1901இல் சிறிய காற்றுச் சுரங்கம் செய்து ஏறக்குறைய 200 இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். தேறாத வடிவங்களின் அளவுகளையும் அவர்கள் குறித்துவைத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய பாடம்.

சின்ன விஷயங்கள் சில. போட்டோவில் அடுப்போடு ஒரு ஸ்கேலும் தெரியட்டும். அளவு தெரியாத படத்தை வைத்து ஒன்றும் கணக்கிட முடியாது. சக்கையை எடைபோட்டு எழுதுங்கள், 'கட்டு' என்று எழுதாதீர்கள், கட்டுக்குக் கட்டு எடை மாறும். குழுவில் யார் எதைச் செய்தார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். வெல்டிங் செய்த பெண்ணின் பெயர், பிரசன்டேஷன் கொடுத்தவர் பெயருக்குப் பின்னால் மறைந்துபோவதை நான் பொறுப்பதில்லை. தமிழிலோ தெலுங்கிலோ தோன்றியதை அந்த மொழியிலேயே எழுதலாம், ஆங்கிலம் பிறகு வரட்டும்.

2014இல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது முதல், மாணவர் என்ன கற்றார் என்பதற்கான சான்றை அங்கீகாரக் குழுக்கள் கேட்கின்றன. கல்லூரிகள் அதற்காகவாவது போர்ட்ஃபோலியோ வைக்கச் சொல்வது நல்லதே. ஆனால் வேலைக்கான நேர்காணலுக்கு முழு நோட்டையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பிரச்சினை, கைவிட்ட ஒரு யோசனை, ஓர் அளவீடு, அதனால் மாறிய ஒரு வரைபடம் என நான்கு பக்கம் போதும். முழு நோட்டைக் கேட்டால் கொடுக்கத் தயாராகப் பையில் வைத்திருங்கள்.